கால்மாட்டில் மலை

உண்ணாமலை ஆடியில் தொடங்கி மார்கழி வரைக்கும் பின்னிய போர்வையை அவள் புருஷன் மணிவேல் வேண்டாம் என்று தள்ளிய காலையில் நானும் அந்த அறையில்தான் இருந்தேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டில் சண்டை வந்தால் நாசூக்காக எழுந்து போகிற பொம்பளை இல்லை நான். போனாலும் பிரயோஜனம் கிடையாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே புரை ஏறினால் இங்கே தண்ணீர் எடுத்து வைக்கலாம்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு உள்ளே திரும்புகிற சந்தில் எங்கள் வீடுகள். நான் வீட்டிலேயே தையல் போடுகிறேன். மணிவேல் கொத்தனார். செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு வெளிப்பூச்சு பூசும்போது சாரத்தோடு கீழே வந்தவன். உயிர் பிழைத்தது, முதுகுத் தண்டு பிழைக்கவில்லை. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. ஒரு பௌர்ணமி விடாமல் செருப்பில்லாமல் மலை சுற்றி வந்த கால்கள். இப்போது அவற்றை எடுத்து வைக்க உண்ணாமலை வர வேண்டும்.

அவன் கட்டில் போட்டிருக்கும் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் மாடி எழுப்பியதிலிருந்து ஜன்னலில் தெரிவது சிமெண்ட் சுவர்தான். சக்கர நாற்காலியில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனால் மலை முழுசாகத் தெரியும். வரமாட்டான்.

"போறவன் வர்றவன்லாம் இன்னா மணி, எப்படிக்கீறனு கேப்பான். ஒவ்வொருத்தனுக்கும் நான் பதில் சொல்லிக்கினு இருக்கணுமா?" என்பான்.

ஒரே மகள் கீர்த்தனா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். ஆக, வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். புண் வராமல் அவனைப் புரட்டிப் படுக்க வைப்பது, மூத்திரப் பையை மாற்றுவது, துவைப்பது, கூழ் காய்ச்சுவது, மறுபடியும் புரட்டுவது. உண்ணாமலையின் ஒரு நாள் என்பது இதுதான். இடையில் கை சும்மா இருக்கிற நேரத்தில் உல்லன் நூலில் குல்லாவும் பையும் பின்னுவாள். செங்கம் ரோட்டுக் கடை ஒன்றில் அதை வாங்கிக்கொள்கிறார்கள்.

பின்னல் அவளுக்கு வந்தது ஒரு வெள்ளைக்காரம்மாவிடமிருந்து. மணிவேல் விழுவதற்கு முன்னால் உண்ணாமலை ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை பெருக்கும் வேலை பார்த்தாள். அங்கே மாதக்கணக்கில் தங்கியிருந்த அந்த அம்மா கொக்கி ஊசியும் நூலுமாக வராந்தாவில் உட்கார்ந்திருக்குமாம். போகிற ஊரில் எல்லாம் கண்ணில் படுகிற நிறத்தை எடுத்து ஒரு சாண் அகலம் பின்னி, பழைய பின்னலோடு சேர்த்துக்கொண்டே போகுமாம். மணல், கடல், பனி மலை, ஏதோ ஒரு ஊரின் திராட்சைத் தோட்டம் என்று அது ஒரு புடவை நீளத்துக்கு வளர்ந்திருந்ததாம்.

"எங்க ஊர எங்கம்மா காணோம்னு கேட்டேன் அன்பு," என்று உண்ணாமலை என்னிடம் சொல்லியிருக்கிறாள். "இன்னும் பாத்துக்கினே இருக்கேன், முடியலன்னாங்க. அவங்களுக்கு உலகம் பூரா இருக்குது. நான் எங்க போறது? செங்கம் தாண்டுனவ கெடையாது. எனக்குன்னு இருக்கறது இந்த மலைய சுத்தறது ஒண்ணுதான்."

அதைத்தான் செய்தாள். போன ஆடியில் ஒரு நாள், "ரவ நேரம் இவர பாத்துக்கிறியா, நூலுக்கு நெறம் பாத்துட்டு வந்துடறேன்," என்று என்னைக் கேட்டாள். நூலுக்கு நிறம் பார்க்கக் கடைக்குத்தானே போக வேண்டும், இவள் மலையைப் பார்த்துப் போகிறாளே என்று நினைத்தேன். பார்த்தால், ஒரு ஊக்கு நிறையத் துண்டு நூல்களைக் கோத்து எடுத்துப் போய், ரோட்டோரத்தில் நின்று, ஒவ்வொன்றாக மலைக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாளாம். எங்கள் தெரு ஷேர் ஆட்டோக்காரன் வந்து சொன்னான். உண்ணாமலைக்குப் புத்தி ஒரு மாதிரி ஆகிவிட்டதா என்று கேட்டான். உன் வேலையைப் பாருடா என்று அனுப்பினேன்.

ஒரு நாள் கிரிவலப் பாதையில் இருக்கிற நிருதி லிங்கம் வரைக்கும் போவாள். ஒரு நாள் ஆட்டோ ஏறி ஈசானிய லிங்கத்துக்கே போய் நின்று பார்த்துவிட்டு நடந்து வருவாள். மழை விட்ட மறுநாள் பாறையில் தண்ணீர் இறங்கிய தடம் வெள்ளியாக மின்னும் என்றும், வெயில் ஏறினால் அதே பாறை பழைய செம்புக் குடம் மாதிரி ஆகிவிடும் என்றும் சொல்வாள். காய்ந்த புல்லுக்குக் கடையில் நூலே கிடைக்கவில்லை. மஞ்சளையும் சாம்பலையும் ஒன்றாகச் சேர்த்து இரட்டை இழையாகப் பின்னி, அந்த நிறத்தைக் கொண்டுவந்துவிட்டாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு மலை என்றால் ஒரே நிறம்தான். இவள் சொல்லித்தான் அண்ணாந்து பார்த்தேன், பார்த்துவிட்டுக் கழுத்து வலியோடு வந்து தைத்தேன்.

அவள் வெளியே போகிற நேரமெல்லாம் மணிவேலுக்குக் காவல் நான். அவன் பேசமாட்டான், சிமெண்ட் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் திரும்பி வந்ததும், "எங்க போயிருந்த?" என்பான். எங்கே போனாள் என்று தெரியும். இருந்தாலும் கேட்பான். அவள் சொல்லத் தொடங்கினால், "செரி செரி, தண்ணி குடு," என்பான்.

அந்த மார்கழிக் காலையில் பனி விடவேயில்லை. கோயில் ஸ்பீக்கர் சத்தம்கூடப் பஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. அவனுடைய பாதம் இரண்டும் நீலம் பாரித்துக் கிடந்தன. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸம்மா, அவருக்குக் குளிர் தெரியாது, நீதான் மூடி வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். உண்ணாமலை போர்வையைக் கொண்டுவந்து அவன் மேல் விரித்தாள்.

நான் லேசில் யாரையும் மெச்ச மாட்டேன். அன்றைக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். கால்மாட்டில் செம்மண், அதன் மேல் கறுத்த பச்சையில் புளிய மரங்கள், அதற்கு மேல் புதர், பாறை, காய்ந்த புல் என்று மலை ஏறிக்கொண்டே போனது. கார்த்திகைத் தீபம் எரிந்த நெய்க் கறுப்பைக்கூட உச்சியில் விடாமல் வைத்திருந்தாள். அவன் இடுப்புக்கு மேலே மார்பு வரைக்கும் வானம், ஒவ்வொரு வரிசையும் ஒரு நீலம்.

மணிவேல் தலையைத் தூக்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு, "எடு," என்றான்.

"இன்னாய்யா?"

"எட்றின்றேன். மலையக் கொண்டாந்து கால் மேல போடுவியா?"

"போர்வய்யா இது."

"போர்வைன்னா கட்டம் போடு, பூவு போடு, யாரு வேணான்னது. நீ மலைய போட்டுக்கீற. மலைன்னா இன்னா? நீயே சொல்லு."

எங்கள் ஊரில் இதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. மலை மேல் சாமி இருக்கிறது என்று நாங்கள் சொல்வதில்லை. மலையே சாமி. அதன் மேல் காலை வைக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க மலை ஏறாமலே செத்துப்போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இதை யோசிக்காமல் இவள் பின்னினாளே, பின்னும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லையே என்று எனக்குத் திக்கென்றது.

"கால் பட்டா தொட்டு கண்ணுல ஒத்திக்கிறது," என்றாள் உண்ணாமலை. குரல் இறங்கியிருந்தது. "எல்லாரும் பண்றதுதான."

"பட்டா எனக்குத் தெரியுமா?"

அவள் அவன் பாதத்தைப் பார்த்தாள்.

"பட்டுச்சா படலையானே எனக்குத் தெரியாதேடி. தெரிஞ்சாலும் குனிஞ்சி தொட முடியுமா? ராத்திரி பூரா சாமி மேல கால நீட்டிக்கினு தூங்கிக்கினு இருப்பேன். எடுத்துடு."

நான் சமாதானத்துக்குப் போனேன். சுவரில் மாட்டி வைக்கலாமே என்றேன். "செவுத்துல மாட்டவா இவ்ளோ நாளு பின்னுனேன்?" என்று அவள் என் மேல் பாய்ந்தாள். அப்படியானால் திருப்பிப் போடு, மலை மேலே வரட்டும், வானம் காலுக்குப் போகட்டும் என்றேன். இரண்டு பேரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள்.

"மலைய தலகீழா கவுத்துப் போடச் சொல்றியா அன்பு?" என்றாள் அவள்.

"நீ உன் கொக்கிய வெய்யி," என்றான் அவன்.

அடிவாரத்தை மட்டும் பிரித்துவிட்டு வேறு ஏதாவது பின்ன முடியாதா என்று கேட்டேன். முடியாதாம். கொக்கிப் பின்னல் முடித்த இடத்திலிருந்துதான் பிரியும், தொடங்கிய இடத்திலிருந்து பிரியாது. அவள் அடிவாரத்தில் தொடங்கி வானத்தில் முடித்திருந்தாள். அடியை எடுக்க வேண்டுமானால் வானம், உச்சி, பாறை எல்லாவற்றையும் உருவ வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். மணிவேலுக்கு வாய் நிற்கவில்லை.

"நீ எனக்காகவா பின்னுன? வெளிய போவணும். அதுக்கு ஒரு சாக்கு."

அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பை நிறுத்தவில்லை.

"ஆமா. போவணும்னுதான் போனேன். இந்த ரூமுக்குள்ள மூத்திர வாடையில எனக்கு மூச்சு முட்டுது. அங்க போய் நின்னா மூச்சு வருது. போதுமா? ஆனா அங்க போயும் உன்னயத்தான்யா நெனச்சிக்கினு நின்னேன். இத இவரு பாத்தா இன்னா சொல்லுவாரு, அத பாத்தா இன்னா சொல்லுவாருனு. எனக்குத்தான் புத்தி இல்ல."

"இனிமே போவாத."

"போவல."

போர்வையை பீரோவுக்குள் வைத்துச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவள் போகவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். அவன் பயம் நியாயம்தான். ஆனால் நியாயத்தோடு சேர்த்து அவள் போகிற வழியில் ஒரு கட்டையையும் தூக்கிப் போட்டுவிட்டானே. அவளோ வாயே திறக்காமல் சாம்பல் நிறத்தில் குல்லா பின்னிக்கொண்டே இருந்தாள். வேற கலர் இல்லையா என்றால், "இருக்கு," என்பாள். அவ்வளவுதான். அவள் முகம் அந்தக் குல்லாவின் நிறத்துக்கே வந்துகொண்டிருந்தது. மணிவேல் காலுக்குப் பழைய ஜமக்காளத்தையும், மகள் விட்டுப்போன ஸ்வெட்டரையும் சுற்றி வைத்தாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவனிடம் கேட்டேன். "அண்ணே, நீ பண்றது உனக்கே செரியா படுதா?"

"இன்னா பண்ணேன்?"

"அவள போவாதன்றது."

அவன் கண்ணைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. "ரோட்டுல வெயில் காலத்துல கால வெச்சா பொசுக்கும் அன்பு. பல்லக் கடிச்சிக்கினு நடப்போம். ஜல்லி குத்தும். அப்ப சாமியத் திட்டிக்கூட இருக்கேன். இப்ப அந்தச் சூடு ஒரு தடவ தெரிஞ்சா போதும்னு இருக்குது," என்றான். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்து அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொங்கல் நெருங்குகிற சமயத்தில், காலமல்லாத காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. நாள் முழுக்கத் தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. உண்ணாமலைக்கு உடம்பு அனலாக இருந்தது. படுத்துக்கொள் என்றேன், யார் பார்ப்பது என்றாள். அன்று மத்தியானம் மூத்திரப் பை ஒழுகிப் படுக்கை எல்லாம் நனைந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து மணிவேலைத் தூக்கி நாற்காலியில் வைத்தோம். ஜமக்காளத்தை உருவிப் போட்டு, கட்டிலைத் துடைத்து, மிச்சம் இருந்த ஒரே காய்ந்த புடவையை விரித்தாள். விரித்துவிட்டு அதன் விளிம்பிலேயே உட்கார்ந்தாள். அப்புறம் அப்படியே சரிந்து அவன் தலையணையில் தலை வைத்துவிட்டாள். பல் கிடுகிடுவென்று அடித்தது.

போர்த்த ஒரு துணி இல்லை. எல்லாம் ஈரம். நான் பீரோவைத் திறந்து அந்தப் போர்வையை எடுத்தேன்.

"அன்பு, அத எதுக்கு எடுக்கற?" என்றான் மணிவேல்.

"அவ குளிர்ல செத்துக்கினு இருக்கா. நீ கம்முனு இருண்ணே."

உதறி எப்படி வந்ததோ அப்படியே அவள் மேல் போட்டேன். தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்று யார் பார்த்தது. போட்ட பிறகுதான் தெரிந்தது, அடிவாரம் அவள் மோவாயில், உச்சி தொடைக்குக் கீழே, வானம் காலில். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மலை தலைகீழாகத் தொங்கியது. திட்டப் போகிறாள் என்று அடுப்படிப் பக்கம் நகர்ந்தேன்.

"அன்பு."

"கஞ்சி வெக்கறேன் இரு."

"இங்க வா. வந்து எங்கூட தலய வெய்யி."

ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன். முட்டி போட்டுக் குனிந்து அவள் தலைக்குப் பக்கத்தில் என் தலையை வைத்தேன்.

மலை நேராக நின்றது.

மோவாய்க்குக் கிட்டத்தில் செம்மண், புளிய மரங்கள், அங்கிருந்து அவள் மார்பு மேலும் வயிற்றின் மேலும் ஏறிப் போய், அந்தண்டை உச்சி. உச்சிக்கு அப்பால், முட்டியும் பாதமும் இருக்கிற பக்கமெல்லாம் வானம். ரோட்டில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரியே இருந்தது. நாங்கள் இத்தனை நாளும் அந்தப் போர்வையை நின்றுகொண்டே பார்த்திருக்கிறோம். படுத்துக் கிடப்பவன் கண்ணுக்கு எது நேர், எது தலைகீழ் என்று பின்னியவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

"ரெண்டு பேரும் இன்னாத்த பாக்கறீங்க?" என்றான் மணிவேல்.

உண்ணாமலை எழுந்தாள். நடுங்கிக்கொண்டே வந்து அவன் அக்குளில் கை கொடுத்தாள். "புடி அன்பு," என்றாள். இந்த ஜுரத்தில் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நான் காலைப் பிடிக்க, அவனைக் கட்டிலில் படுக்க வைத்தோம். அதே மாதிரி, அடிவாரம் கழுத்துக்கு வரும்படி, அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

"பாருய்யா."

அவன் பார்த்தான். கட்டிலின் விளிம்பில் இருந்த இடத்தில் அவளும் ஒடுங்கிப் படுத்தாள். அதற்கு மேல் நிற்க அவளிடம் தெம்பு இல்லை.

"கால் மேல இன்னா இருக்குது?" என்று கேட்டான்.

"வானம்யா. வெறும் வானம்."

அதையும் யோசித்தான். "வானமும் சாமிதான."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அது சிதம்பரத்து சாமிண்ணே. நம்ம ஊரு நெருப்பு. சிதம்பரத்துக்காரங்க வந்து உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க," என்றேன்.

மணிவேல் சிரித்தான். அவன் விழுந்த பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. உண்ணாமலையும் சிரித்தாள், அவளுக்குச் சிரிப்போடு அழுகையும் வந்து, இருமல் பிடித்துக்கொண்டது. அவன் ஒரு கையை அவள் தலைக்கு அடியில் கொடுத்தான். இன்னொரு கையின் விரலால் புளிய மரத்தைத் தொட்டு, புதரைத் தொட்டு, மெதுவாக மேலே ஏறினான்.

"இது வாயு லிங்கத்தாண்ட நின்னு பாத்ததா?"

"ம்."

"குபேர லிங்கம் தாண்டுனா பின்னால இன்னொரு முகடு எட்டிப் பாக்கும். அத உட்டுட்ட."

"நான் போனப்பல்லாம் பனி மூடிக்கினு இருந்துச்சு," என்றாள். வார்த்தை குழறியது.

நான் கஞ்சிக்கு உலை வைத்துவிட்டு வந்தேன்.

"நீ போய்ட்டு வந்தா உன் மூஞ்சி வேற மாதிரி இருக்கும்," என்று மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு அது பொறுக்கல. நான் இங்க கெடக்கறேன், இவளுக்கு மட்டும் இப்படி மூஞ்சி தெளியுதேனு. அதான் அப்படிச் சொன்னேன். சாமி, காலு எல்லாம் நெசந்தான். ஆனா இதும் இருந்துச்சு. பனி உட்டதும் நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இருந்துக்கறேன்."

நீ எங்கே இருந்துகொள்கிறாய், உனக்குக் காவல் இருக்கப் போவது நான்தானே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் உண்ணாமலையைப் பார்த்தேன். அவள் தூங்கிப்போயிருந்தாள். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழுந்திருக்காது.

அவனும் பார்த்தான். "தூங்கிட்டாளா? எழுந்ததும் நீ சொல்லிடு அன்பு," என்றான்.

"நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

அவன் மறுக்கவில்லை. அவள் வாயைத் திறந்துகொண்டு, பெருத்த மூச்சு விட்டுத் தூங்கினாள். பாரம் முழுக்க அவன் கை மேல் இருந்தது. கஞ்சி கொதிக்கிற வரைக்கும் அவன் அசையாமல் கிடந்தான். விரலை மட்டும் ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்தான்.

"கை மரத்துப்போவுதாண்ணே? அவ தலய ரவ நவுத்தி வெக்கட்டுமா?"

"வேணாம். மரத்துப்போவறது தெரியுது. இருக்கட்டும்," என்றான்.